கை வைத்துப் பார்த்த பிறகு படம்: கேசுவால்டியில் தேவையில்லாத ஸ்கேன்களைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பலருக்குச் சம்பளம் கைக்கு வரும் நாள். அன்றைக்கு இரவு எட்டு மணிக்கு மேல் அரசு மருத்துவமனை கேசுவால்டியில், அதாவது அவசரச் சிகிச்சைப் பிரிவில், ஸ்ட்ரெச்சர்கள் நடைபாதை வரைக்கும் நிற்கும். சில வருடங்களுக்கு முன்னால் அப்படி ஓர் இரவில் ஓர் இளைஞரை சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டேன். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடி. மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, நடந்ததை வரிசையாகச் சொன்னார். கூட வந்தவர்கள் பயந்திருந்தார்கள். இன்டர்ன் டாக்டரும் பயந்திருந்தார். சரி, எடுத்துவிடலாம் என்றேன். அவருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே, குளியலறையில் விழுந்த ஒரு பாட்டியை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். நடைபாதையில் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் அவருடைய பேச்சு குழறத் தொடங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இளைஞரின் படத்தில் ஒன்றும் இல்லை. பாட்டியின் மண்டைக்குள் ரத்தக் கசிவு.

அந்த இரவுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன், எங்கள் வார்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கேசுவால்டியில் வேலை செய்யும் டாக்டர்கள், நர்ஸ்கள், ரேடியோகிராபர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியோடு வரும் சொந்தக்காரர்களும் படிக்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் குறைக்க வேண்டுமானால் அதன் இடத்தில் வேறு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கையால் தொட்டுச் செய்த பரிசோதனை, கண்காணிப்பில் வைத்துப் பார்க்கச் சில மணி நேரம், வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு தாள், இளம் டாக்டருக்குப் பின்னால் நிற்க ஒரு மூத்தவர். இவை இல்லாமல் 'ஸ்கேனைக் குறையுங்கள்' என்று சுற்றறிக்கை மட்டும் விட்டால் ஒரு வாரம் குறையும், அப்புறம் பழையபடிதான்.

சி.டி. ஸ்கேன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதன் கணக்கு பிறந்ததே இந்த நாட்டில்தான். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கோர்மாக் என்ற இயற்பியலாளர், 1956-ல் கேப் டவுனின் குரூட் ஸ்கீர் மருத்துவமனையில் பகுதி நேரமாக வேலை பார்த்தபோதுதான் உடம்பைப் பல கோணங்களிலிருந்து கதிரால் அளந்து உள்ளே இருப்பதைக் கணக்கிட முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார். 1979-ல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். அப்படிப்பட்ட கருவி, தேவைப்படுகிறவருக்குத் தேவைப்படும் நேரத்தில் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

கதிர்வீச்சு பற்றியும் அளவோடு தெரிந்திருக்க வேண்டும். இயற்கையிலிருந்தே உலகத்தில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாது. தலை சி.டி. சுமார் 2. வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.டி. என்றால் 8 முதல் 10 வரை போகும். பெரியவருக்கு ஒரு தலை ஸ்கேனால் வரும் ஆபத்து மிகச் சிறியது, அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தக் கூடாது. குழந்தைகள் விஷயம் கொஞ்சம் வேறு. 2012-ல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஆய்வின் கணக்குப்படி, 10 வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை சி.டி. எடுத்தால் அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம். காரணம் இருந்தால் தயங்காமல் எடுக்கக்கூடிய அளவுதான் இது. காரணமே இல்லாமல் எடுத்தால் அந்த ஒரு குழந்தைக்கு நாம் என்ன பதில் சொல்வது?

கதிர்வீச்சைவிட நான் அதிகம் பார்த்த கெடுதல் வேறொன்று. சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன முடிச்சோ நீர்க்கட்டியோ படத்தில் தெரியும். அதைத் தொடர்ந்து இன்னொரு ஸ்கேன், ஒரு ஊசிப் பரிசோதனை, ஆறு மாதம் தூக்கமில்லாத ஒரு குடும்பம்.

முதல் படி: ஒரு மாதத்தை எண்ணிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ரேடியாலஜி பதிவேட்டை எடுத்து வையுங்கள். ஒரு மாதத்துப் பதிவு போதும். கேசுவால்டியிலிருந்து போன ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன காரணம் சொல்லிக் கேட்டார்கள், படத்தில் என்ன தெரிந்தது, அதனால் சிகிச்சையில் என்ன மாறியது. மூன்றாவதுதான் முக்கியம். படம் நார்மலாக வந்ததாலேயே அது வீண் என்று ஆகாது. ஸ்ட்ரோக் நோயாளியின் தலை சி.டி.யில் ரத்தக் கசிவு இல்லை என்று தெரிவது சிகிச்சையையே திருப்பிப்போடும். ஆனால் முறிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே மாத்திரை, அதே கட்டு என்றால் அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தத் தாளில் டாக்டர் பெயரை எழுதாதீர்கள். பெயர் எழுதிய அன்றே இது விசாரணை ஆகிவிடும், யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் காரணம் தெளிவில்லாத படங்கள் கூடியிருந்தன. அந்த நேரத்தில் மூத்த டாக்டர் யாரும் பக்கத்தில் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாதி அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது.

இரண்டாம் படி: கரண்டைக்காலில் தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகாதீர்கள். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் எக்ஸ்ரேயில் ஆரம்பியுங்கள் என்பது என் பிடிவாதமான ஆலோசனை. திருநெல்வேலிப் பக்கம் கரண்டை என்போம். கேசுவால்டிக்கு வரும் கரண்டைச் சுளுக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் எலும்பு முறிவு இருக்காது, ஆனாலும் கிட்டத்தட்ட எல்லோரையும் எக்ஸ்ரேக்கு அனுப்புகிறோம். ஒரு பரிசோதனையை நம்பப் பழக இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

இதற்கான விதிகளை 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்பவரும் அவருடைய குழுவும் வெளியிட்டார்கள். கணுக்கால் பக்கம் வலியோடு வருகிறவருக்கு, கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மட்டும் கணுக்கால் எக்ஸ்ரே:

- வெளிப்பக்கக் கரண்டை மொட்டின் நுனியிலோ, அதிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை எலும்பின் பின் ஓரத்திலோ அழுத்தினால் வலி
- உள்பக்கக் கரண்டை மொட்டின் நுனியிலோ, அதே 6 சென்டிமீட்டரில் பின் ஓரத்திலோ அழுத்தினால் வலி
- அடிபட்ட உடனேயும் நான்கு அடி நடக்க முடியவில்லை, இப்போது நம் முன்னாலும் முடியவில்லை

வலி பாதத்தின் நடுப்பகுதியில் என்றால் வேறு இரண்டு இடத்தைத் தொட வேண்டும். சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளி ஓரத்தில் புடைத்துத் தெரியும் எலும்பின் அடி ஒன்று. உள் ஓரத்தில், கரண்டைக்கு முன்னால் இருக்கும் படகு வடிவ எலும்பு மற்றொன்று. இரண்டில் ஒன்று வலித்தாலோ நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ பாத எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நான்கு அடி என்றால் நொண்டி நடந்தாலும் கணக்கில் சேரும். வலது இரண்டு, இடது இரண்டு. இதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அழுத்தும் இடத்திலும் தவறு வரும். சுளுக்கில் வீங்குவது மொட்டுக்கு முன்னாலும் கீழும் உள்ள தசைநார். அங்கே அழுத்தினால் யாருக்கும் வலிக்கும், உடனே எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதுவார்கள். விதி கேட்பது எலும்பின் பின் ஓரத்தை. ஒரு விரல் நுனியால், மேலிருந்து கீழாக வந்து கடைசியில் மொட்டைத் தொடுங்கள். வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொட்டால் நோயாளி உங்களை நம்புவார்.

இந்த விதிகளைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், இவை முறிவைத் தவறவிடுவது மிக அரிது என்றும், 30 முதல் 40 விழுக்காடு வரை எக்ஸ்ரேக்களைக் குறைக்கும் என்றும் கண்டார்கள். ஆனால் விதியை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் மனப்பாடம் செய்யுங்கள். குடிபோதையில் இருப்பவர், வேறு பெரிய காயம் இருப்பவர், அடிபட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆனவர், எலும்பே கைக்குத் தட்டாத அளவுக்கு வீங்கியவர். அப்புறம், காலில் உணர்ச்சி குறைந்தவர். டர்பன் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று இங்கே வேலை செய்யும் எவருக்கும் தெரியும். பத்து பதினைந்து வருடம் சர்க்கரையோடு இருந்த ஒரு தாத்தா 'வலிக்கவில்லை' என்று சொல்லிக்கொண்டே முறிந்த காலில் நடந்து வருவார். அவருக்கு இந்த விதி செல்லாது. படம் எடுங்கள்.

யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று வாசலில் தரம் பிரிக்கும் டிரயாஜ் நர்ஸுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்க டிரயாஜ் முறையில் சுளுக்கு நோயாளிக்குப் பெரும்பாலும் பச்சை நிறம்தான் கிடைக்கும், அதாவது நான்கு மணி நேரம் வரை காத்திருக்கலாம். நர்ஸ் முதலிலேயே தொட்டுப் பார்த்து, தேவைப்படுகிறவரை நேராக எக்ஸ்ரேக்கு அனுப்பி, மற்றவருக்கு ஐஸும் கட்டும் கொடுத்து உட்கார வைத்தால் அந்த நான்கு மணி நேரம் மிச்சமாகும்.

மூன்றாம் படி: பெரியவர்களின் தலை

கணுக்காலில் ஒரு மூன்று மாதம் பழகிய பிறகு தலைக்கு வாருங்கள். ஜாக்கிரதையாக வாருங்கள்.

நான் பயன்படுத்துவது கனடிய சி.டி. தலை விதி. 2001-ல் வந்தது, பத்து மருத்துவமனைகளில் 3,121 நோயாளிகளைப் பார்த்து உருவாக்கினார்கள். இது யாருக்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எதுவும் துளைக்காமல் தலையில் அடி பட்டு, கொஞ்ச நேரம் நினைவிழந்தோ, நடந்தது மறந்தோ, குழம்பியோ இருந்து, இப்போது நினைவு எவ்வளவு தெளிவு என்று அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 13 முதல் 15 வரை (15 என்றால் முழுத் தெளிவு) இருப்பவருக்கு. நினைவும் தப்பவில்லை, மறதியும் இல்லை, குழப்பமும் இல்லை என்றால் அவர் இந்த விதிக்குள்ளேயே வருவதில்லை. என் இளைஞர் அப்படிப்பட்டவர்தான். அவரைக் கையால் பரிசோதித்து, தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

விதிக்குள் வருகிறவருக்கு ஐந்து அபாயக் குறிகள். அடிபட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் அளவு 15-ஐ எட்டவில்லை. மண்டை ஓடு உடைந்தோ உள்ளே அமுங்கியோ இருக்கும் என்ற சந்தேகம். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவுக்கான அடையாளம், அதாவது காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர், செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம், இரண்டு கண்ணைச் சுற்றியும் கருமை, காதுக்குப் பின்னால் கருநீலம். இரண்டு முறை அல்லது அதற்கு மேல் வாந்தி. வயது 65 அல்லது அதற்கு மேல். ஒன்று இருந்தாலும் ஸ்கேன்.

அடுத்த நிலையில் இரண்டு: அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ நினைவில் இல்லாமல் போவது, ஆபத்தான விதத்தில் அடிபடுவது. வண்டி மோதிய பாதசாரி, வண்டியிலிருந்து வெளியே தூக்கி எறியப்பட்டவர், மூன்று அடி உயரத்துக்கு மேலிருந்தோ ஐந்து படியிலிருந்தோ விழுந்தவர். மினிபஸ் டாக்சிகள் ஓடும் நம் சாலைகளில் பாதசாரி மீது வண்டி மோதுவது அன்றாடம். ஆகவே இந்த விதியைப் பின்பற்றினாலும் நம் ஸ்கேன் எண்ணிக்கை கனடாவைப் போல ஆகிவிடாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த விதி செல்லாதவர்களின் பட்டியலைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். 16 வயதுக்குக் கீழே இருப்பவர், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், அடிபட்ட பிறகு வலிப்பு வந்தவர், கத்திக்குத்தோ குண்டோ தலையில் பட்டவர். டர்பன் இருக்கும் குவாசுலு நடால் மாகாணத்தில் இந்தக் கடைசி வகையை மறந்துவிட்டு எந்த வழிகாட்டியும் எழுத முடியாது. நெற்றியில் அரை அங்குலத் தையல் போடும் காயம் போலத் தெரியும், கத்தி எலும்பைத் தாண்டியிருக்கும்.

எச்.ஐ.வி. உள்ளவருக்குப் புதிதாகத் தலைவலி, முதல் வலிப்பு, நடத்தையில் மாற்றம் என்றால் அடிபட்டதற்கான விதிகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். காசநோய் மூளைச் சவ்வு அழற்சி, டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் தொற்றுகள் என்று நாம் தேட வேண்டியவை வேறு. அவருக்கு ஸ்கேனுக்கான வாசல் அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், வெயிலில் நின்று மயங்கி விழுந்து இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, கை கால் பேச்சு எல்லாம் சரியாக இருப்பவருக்குத் தலை சி.டி. அநேகமாக எதையும் காட்டாது. அவருக்கு வேண்டியது ஒரு ஈ.சி.ஜி., படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்த ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு. மண்டையோட்டு எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. அது நார்மல் என்றால் உள்ளே ரத்தம் இல்லை என்று அர்த்தமாகாது. சி.டி. இல்லாத இடத்தில் அதை எடுத்து மன நிம்மதி அடைவதைவிட, மணிக்கு ஒரு முறை கண்பாவையையும் நினைவையும் பார்ப்பது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: குழந்தையின் தலை

குழந்தைகளுக்கு பெகார்ன் விதி. 2009-ல் வெளியானது, 42,412 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு. இரண்டு வயதுக்குக் கீழ் ஒரு பட்டியல், மேல் ஒரு பட்டியல். நினைவில் மாற்றம் இருந்தாலோ, சிறு குழந்தையின் மண்டையில் முறிவு கைக்குத் தட்டுப்பட்டாலோ, பெரிய குழந்தைக்கு மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவுக்கான அடையாளம் இருந்தாலோ ஸ்கேன்தான். அதற்கு அடுத்த நிலையில் சிறு குழந்தைக்கு நெற்றி தவிர மற்ற இடத்தில் வீக்கம், ஐந்து விநாடியோ அதற்கு மேலோ நினைவிழப்பு, பலமான அடி, 'இது எப்போதும் போல இல்லை' என்று பெற்றவர் சொல்வது ஆகியவை வருகின்றன. பெரிய குழந்தைக்கு நினைவிழப்பு, வாந்தி, கடுமையான தலைவலி, பலமான அடி. இந்த நிலையில் ஒரே ஒரு குறி மட்டும் இருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்துப் பார்ப்பது நல்ல வழி. எந்தக் குறியுமே இல்லாவிட்டால் ஆபத்தான மூளைக் காயம் இருக்கும் வாய்ப்பு 2,000-ல் ஒன்றுக்கும் குறைவு.

அம்மா சொல்வது ஒரு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் அம்மாவாக இருந்தாலும் உம்லாசியிலிருந்து வரும் கோகோவாக (சுலு மொழியில் பாட்டி) இருந்தாலும், முதல் கேள்வியே 'பிள்ளை எப்போதும் போல இருக்கிறதா?' என்பதாக இருக்கட்டும். பதிலைக் கேஸ் ஷீட்டில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

காத்திருந்து பார்க்க இடம் வேண்டும். இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், நர்ஸின் கண்ணுக்கு நேராக. அதை ஏற்பாடு செய்யாமல் 'அப்சர்வ்' என்று எழுதினால் குழந்தை யாரும் பார்க்காத மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: மற்றவை, சுருக்கமாக

கழுத்துக்கு நெக்சஸ் விதி. 2000-ல் 34,069 பேரை வைத்துச் சோதித்தது. கழுத்தின் நடு எலும்பில் வலி இல்லை, போதை இல்லை, நினைவு தெளிவு, நரம்புக் குறை இல்லை, கவனத்தைத் திருப்பும் வேறு வலி மிகுந்த காயம் இல்லை. ஐந்தும் சரி என்றால் படம் வேண்டாம், காலரையும் கழற்றிவிடலாம். வயதானவர்களிடம் மட்டும் நான் இதை முழுதாக நம்புவதில்லை.

இடுப்பு வலிக்கு அபாயக் குறி இல்லாவிட்டால் முதல் ஆறு வாரம் எந்தப் படமும் வேண்டாம். அந்தக் குறிகளைத் தேடுவதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை, இரவிலும் விடாத வலி, பழைய புற்றுநோய், ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை 'வெறும் இடுப்பு வலி' என்று ஒரு தடவை அனுப்பிவிட்டால் அடுத்த தடவை அவர் சக்கர நாற்காலியில் வரலாம். சிறுநீர் போக முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது, இரண்டு காலும் பலமிழக்கின்றன என்றால் அன்றைக்கே எம்.ஆர்.ஐ.

நுரையீரல் ரத்தக் கட்டி என்று சந்தேகம் வந்தவுடன் ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ கேட்காதீர்கள். முதலில் உங்கள் மனதில் சந்தேகம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிகக் குறைவு என்றால் பெர்க் விதியின் எட்டுக் கேள்வி. வயது 50-க்குக் கீழ், நாடி 100-க்குக் கீழ், ஆக்சிஜன் 95 அல்லது அதற்கு மேல், இருமலில் ரத்தம் இல்லை, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இல்லை, முன்பு கட்டி வந்ததில்லை, ஒரு கால் மட்டும் வீங்கவில்லை, நான்கு வாரத்துக்குள் அறுவையோ பெரிய காயமோ இல்லை. எட்டும் சரி என்றால் அங்கேயே நிறுத்தலாம். நடுத்தரச் சந்தேகத்துக்கு டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. 50 வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பாக வைத்தால் பல ஸ்கேன்கள் தவிரும்.

சிறுநீரகக் கல் வலிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். 2014-ல் வெளிவந்த 2,759 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வில், அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்கு ஆபத்தான நோய் தவறிப்போவது கூடவில்லை, கதிர்வீச்சு குறைந்தது. 60 தாண்டியவருக்கு முதல் முறையாக இந்த வலி என்றால் கல் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வயிற்று மகாதமனி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மலச்சிக்கலுக்கு வயிற்று எக்ஸ்ரே, மூக்குத்தண்டு எக்ஸ்ரே, ஒரே ஒரு விலா எலும்புக்கான தனி எக்ஸ்ரே, இந்த மூன்றையும் கிட்டத்தட்ட விட்டுவிடலாம். மூக்கில் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் அவசரம். விலாவில் அடி என்றால் நுரையீரலைப் பார்க்க ஒரு நெஞ்சு எக்ஸ்ரே போதும். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை நான் கஞ்சத்தனம் காட்ட மாட்டேன். காசநோய் இருக்கும் வரை அது இந்த நாட்டில் மலிவான, மிகப் பயனுள்ள படம்.

ஆறாம் படி: சீட்டை மாற்றுங்கள்

'தலை சி.டி. — அடி' என்று இரண்டு வார்த்தையில் சீட்டு வரும் வரைக்கும் எதுவும் மாறாது. சீட்டில் ஒரு வரியைச் சேருங்கள்: 'இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்?' அதற்குக் கீழே விதியின் கட்டங்கள், டிக் அடிக்க. விதிக்கு வெளியே போய் எடுக்க நினைத்தால் அதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும், காரணம் எழுத இடத்தோடு. மருத்துவரின் உள்ளுணர்வுக்குக் கதவைச் சாத்தும் படிவத்தை மருத்துவர்கள் ஏமாற்றத்தான் செய்வார்கள், எல்லாக் கட்டத்திலும் டிக் விழும்.

ரேடியோகிராபருக்குத் திருப்பிக் கேட்கும் உரிமையைக் கொடுங்கள். 'டாக்டர், இவர் நடந்தே உள்ளே வந்தார், கணுக்காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தீர்களா?' என்று இருபது வருட அனுபவம் உள்ள ஒருவர் போனில் கேட்டால் அதற்கு மரியாதை கிடைக்க வேண்டும். தலைமை டாக்டர் இதை எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் நடக்கும்.

அப்புறம், திரும்ப எடுப்பது. சிறிய மருத்துவமனையில் எடுத்த படம் கூட வராமல், பெரிய மருத்துவமனையில் மறுபடியும் முதலிலிருந்து. மாற்றி அனுப்பும்போது போனில் கேட்கும் முதல் கேள்விகளில் 'படம் எங்கே, எப்படி வருகிறது?' என்பதும் இருக்கட்டும்.

ஏழாம் படி: நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசுவது

பலர் இந்தப் படியைத் தாவிவிடுகிறார்கள். ஸ்கேன் கேட்கும் வீட்டார் நம்மை எதிர்க்கவில்லை, பயத்தில் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நூற்றில் பதினைந்து பேருக்குத்தான் ஏறக்குறைய மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. மற்றவர்கள் அரசு மருத்துவமனையையே நம்பி வருகிறார்கள். 'தனியாரில் என்றால் உடனே எடுத்திருப்பார்கள், நாங்கள் ஏழை என்பதால் எடுக்கவில்லை' என்ற எண்ணம் அவர்கள் மனதில் ஓடும். நிறத்தைப் பார்த்து மருத்துவமனையைப் பிரித்து வைத்திருந்த நாட்டில் அந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆகவே 'தேவையில்லை' என்ற ஒற்றைச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

ஒரு நாள் ஒரு அம்மா கேட்டார்:

"டாக்டர் தம்பி, ஸ்கேன் எடுக்காமலே என் மகனை அனுப்புறீங்களா?"

"அம்மா, ஸ்கேன் எதைத் தேடுமோ அதை நான் கையாலும் கண்ணாலும் தேடினேன். வாந்தி இல்லை, மறதி இல்லை, மண்டை எலும்பு சரியாக இருக்கிறது, கண்பாவை இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. இதெல்லாம் சரியாக இருப்பவருக்குப் படத்தில் அநேகமாக ஒன்றும் தெரியாது."

"ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான் இந்தத் தாள். இதில் இருக்கிற ஒன்று வந்தாலும் நேராக வாங்க. வரிசையில் நிற்க வேண்டாம், தாளைக் காட்டுங்க. அப்போ உடனே ஸ்கேன் எடுப்போம்."

பரிசோதிக்கும்போதே பார்ப்பதை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அப்போதுதான் வீட்டாருக்கு நம் கை செய்யும் வேலை தெரியும். தாள் இசிசுலுவிலும் (சுலு மொழி) ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக. திரும்பி வர வேண்டிய குறிகள்: மறுபடி மறுபடி வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், காதிலோ மூக்கிலோ நீர். கூட இருக்கப்போகிறவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். தனியாக வாழ்பவர், திரும்பி வர வண்டி இல்லாதவர், இரவில் டாக்சி ஓடாத ஊர்க்காரர் என்றால் விதி என்ன சொன்னாலும் அவரைக் காலை வரை வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: இளம் டாக்டரின் பயத்தை யார் சுமப்பது

அதிகாலை மூன்று மணிக்கு ஒரு இன்டர்ன் ஸ்கேன் கேட்பது சோம்பலால் அல்ல. ஏதாவது தவறினால் தன் பெயர் மட்டும் கேஸ் ஷீட்டில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். விதியைப் பின்பற்றி, பரிசோதனையை எழுதி, தாளைக் கொடுத்து அனுப்பியவரை மருத்துவமனை கைவிடாது என்று எழுத்தில் தர வேண்டும். இரவில் ஒரு மூத்தவரின் போன் எண் வேண்டும், எடுத்தால் எரிந்து விழாத மூத்தவர்.

கேஸ் ஷீட்டில் 'நார்மல்' என்று எழுத விடாதீர்கள். 'கரண்டை இரு பக்கமும் 6 செ.மீ. பின் ஓரம் வலி இல்லை, நான்கு அடி நடந்தார்' என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வரி நோயாளியையும் காக்கும், டாக்டரையும் காக்கும்.

ஒன்பதாம் படி: திரும்பி வந்தவர்களையும் எண்ணுங்கள்

ஸ்கேன் குறைந்ததை மட்டும் காட்டும் வரைபடத்தை நம்பாதீர்கள். படம் எடுக்காமல் அனுப்பியவர்களில் ஏழு நாளுக்குள் திரும்பி வந்தவர் எத்தனை, அவர்களில் யாருக்காவது எதுவும் தவறவிட்டோமா என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். தவறு நடந்திருந்தால் காலைக் கூட்டத்தில் முதலில் அதைப் பேசுங்கள். விதி தவறியதா, விதி செல்லாதவருக்கு அதைப் போட்டோமா, கை சரியான இடத்தைத் தொடவில்லையா? நான் பார்த்தவற்றில் கடைசி இரண்டும்தான் மிக அதிகம்.

எங்கே குறைக்கக் கூடாது என்பதும் இதே கூட்டத்தில் அடிக்கடி சொல்லப்பட வேண்டும். திடீரென முகம் கோணி கை விழுந்தவர், பெரிய விபத்தில் பல இடம் அடிபட்டவர், இடிபோல வந்த தலைவலி, உண்மையான காரணம் உள்ள கர்ப்பிணி. கடைசி நபருக்குப் படம் மறுப்பது தாயையும் குழந்தையையும் சேர்த்து இழக்கச் செய்யலாம். பலத்த காயத்துக்கு இங்கேயே உருவான லோடாக்ஸ் கருவி உள்ள இடங்களில், சில விநாடிகளில் உடம்பு முழுவதையும் குறைந்த கதிரில் பார்த்துவிடலாம். சுரங்கத் தொழிலாளர்கள் வைரத்தை மறைத்து எடுத்துப்போகிறார்களா என்று பார்க்கச் செய்த தொழில்நுட்பம் அது. இன்று விபத்தில் சிக்கியவர்களுக்கு உதவுகிறது.

பத்தாம் படி: ஜனவரி

இந்த நாட்டில் புதிய இன்டர்ன்களும் சமூகச் சேவை ஆண்டு டாக்டர்களும் பெரும்பாலும் ஜனவரியில் வேலைக்குச் சேர்கிறார்கள். டிசம்பர் வரை நன்றாக இறங்கியிருந்த எண்ணிக்கை பிப்ரவரியில் மறுபடி ஏறும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து நாள் குறித்துவையுங்கள். நான் முதல் நாள் காலையில் ஸ்லைடு எதுவும் காட்டுவதில்லை. எல்லோரையும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் கரண்டையின் பின் ஓரத்தை மற்றவர் விரல் நுனியால் மேலிருந்து கீழே தொட்டு வரச் சொல்வேன். 6 சென்டிமீட்டர் எவ்வளவு என்று பேனாவால் தோலில் குறி போடுவார்கள். அரை மணி நேரம் ஆகும். அதே வாரத்தில் பதிவேட்டின் புதிய பக்கத்தில் அந்த மூன்று விஷயங்களையும் எழுத மறுபடி கோடு போட்டுக்கொள்வோம்.